பெரிய கோயிலை எந்தப் படிப்பு காட்டும்? பி.ஆர்க், சிவில், மாமல்லபுரம்: ஓர் ஒப்பீடு

பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கும் பிள்ளை ஒன்று "எனக்குக் கட்டடங்கள் பிடிக்கும்" என்று வீட்டில் சொன்னால், பெரும்பாலும் இரண்டு பதில்கள்தாம் வரும். ஒன்று, "அப்படியென்றால் சிவில் எடு". மற்றொன்று, "ஆர்க்கிடெக்சர் ஐந்து வருடம், செலவும் கூடுதல், யோசித்துக்கொள்". மாமல்லபுரத்தில் 1957இல் தொடங்கப்பட்ட அரசு கட்டடக்கலை மற்றும் சிற்பக்கலைக் கல்லூரி என்கிற மூன்றாவது வழி பேச்சிலேயே எழுவதில்லை. சம்பளத்தையும் வேலைவாய்ப்பையும் வைத்து இந்தப் படிப்புகளை ஒப்பிடுபவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள் என்பதால், நான் வேறோர் அளவுகோலை எடுத்துக்கொள்கிறேன். 1010இல் கட்டி முடிக்கப்பட்ட தஞ்சைப் பெரிய கோயிலின் முன் கொண்டுபோய் நிறுத்தினால், எந்தப் படிப்பு எதைக் காட்டும், எதைக் கண்ணில் படாமல் செய்யும்? நான் பி.ஆர்க், அதாவது ஆர்க்கிடெக்சர் பட்டம், படித்து அதையே தொழிலாகக் கொண்டவன். ஆகவே என் பேச்சில் ஒரு பக்கச் சாய்வு இருக்கும் என்பதை முன்கூட்டியே ஒப்புக்கொள்கிறேன்.

சிவில் மாணவர் முதலில் பார்ப்பது எடையை. கருங்கல் கிடைக்காத ஒரு வட்டாரத்துக்கு வெளியிலிருந்து கல்லைக் கொண்டுவந்து, ஏறத்தாழ 60 மீட்டர் உயரத்துக்கு அடுக்கியிருக்கிறார்கள். அது எப்படி நிற்கிறது என்பதே அவருடைய கேள்வி. கருவறையைச் சுற்றி ஒரு சுவரும், நடைவழி விட்டு அதற்கு வெளியே இன்னொரு சுவரும் இருக்கின்றன. மேலே போகப் போக ஒவ்வொரு வரிசைக் கல்லும் கீழ்வரிசையைவிடச் சற்றே உள்நோக்கி நீண்டு, இரண்டு சுவர்களும் ஒன்றாய்ச் சேர்ந்து, கருவறைக்கு மேல் எழும் விமானத்தைத் தாங்குகின்றன. மேற்பகுதியின் உள்ளே இருப்பது வெற்றிடம். கல் அமுக்கத்தைத் தாங்கும், இழுவையைத் தாங்காது என்கிற ஒரே பாடத்தின் மேல்தான் இந்த அமைப்பு முழுவதும் நிற்கிறது. இதைச் சிவில் ஆய்வகத்தில் கையாலேயே உணரலாம். 28 நாள் தண்ணீரில் கிடந்த 150 மில்லிமீட்டர் கான்கிரீட் கனசதுரத்தை இயந்திரத்தில் வைத்து நசுக்கும்போது, பக்கங்களில் மயிரிழை போலக் கீறல்கள் ஓடி, பிறகு சில்லுகள் உதிர்ந்து, நடுவில் உடுக்கையைப் போல இடை சிறுத்த ஒரு துண்டு மிஞ்சும். அதைப் பார்த்த கண்ணுக்குத் தூண் என்பது பிறகு வெறும் தூணாகத் தெரியாது.

ஆனால் சிவில் படிப்பின் நான்கு ஆண்டுகளில் கட்டடம் ஒரு பங்குதான். மண், நீர், சாலை, கழிவுநீர், நில அளவை எல்லாம் அதில் அடங்கும். கிண்டிப் பொறியியல் கல்லூரியே 1794இல் நில அளவைப் பள்ளியாகத்தான் தொடங்கியது. கட்டடத்தை யார், எதற்காக, எந்த வரிசையில் கட்டினார்கள் என்கிற கேள்விக்குப் பாடத்திட்டத்தில் ஏறக்குறைய இடமே கிடையாது. அதை எதிர்பார்த்துச் சேர்பவர்கள் இரண்டாம் ஆண்டிலேயே ஏமாற்றம் அடைகிறார்கள்.

பி.ஆர்க் மாணவர் நுழைவாயிலிலிருந்தே தொடங்குவார். கேரளாந்தகன் திருவாயிலையும் இராஜராஜன் திருவாயிலையும் கடந்தால், அகலத்தைப் போல இரு மடங்கு நீளமுள்ள ஒரு பெரிய முற்றம் விரிகிறது. நந்தியைத் தாண்டிப் பார்வை ஓடி விமானத்தின் உச்சியில் போய் முட்டுகிறது. வாயில்கள் குட்டையாகவும் விமானம் நெட்டையாகவும் இருப்பதால், நடக்க நடக்க உயரம் கூடிக்கொண்டே போகிறது. திருவரங்கத்தில் இது அப்படியே தலைகீழ்: 1987இல் நிறைவுற்ற 236 அடி இராஜகோபுரம் வெளியே நிற்கிறது, உள்ளே செல்லச் செல்லக் கோபுரங்கள் சிறுக்கின்றன. ஏழு பிரகாரங்களுக்குள் தெருக்களும் வீடுகளும் கடைகளும் அடங்கிய ஊரே கோயிலாகிவிட்ட பிறகு, தொலைவிலிருந்து அடையாளம் காட்டும் வேலை கோபுரத்துக்குப் போய்விட்டது. இரண்டு கோயில்களின் உயரத்தைச் சொல்ல எவராலும் முடியும். அந்த உயரம் ஏன் இடம் மாறியது என்று கேட்க வைப்பதுதான் இந்தப் படிப்பின் பலம். ஸ்டூடியோ என்கிற வடிவமைப்பு வகுப்புக்காகத் தூக்கம் கெட்டு, ஷீட்டும் மாடலுமாக ஜூரி என்கிற மதிப்பீட்டுக் குழுவின் முன் நின்று, "இந்த வாசலை ஏன் இங்கே வைத்தாய்?" என்ற கேள்விக்குப் பதிலின்றி விழித்த எவருக்கும், பிறர் கட்டிய வாசல்களைப் பார்க்கும் கண் தானாகவே கூர்மையாகிவிடுகிறது.

குறையும் அங்கேயே இருக்கிறது. பார்ப்பதற்கு முன்பே பேசக் கற்றுக்கொடுக்கும் படிப்பு இது. "ஒளியும் நிழலும் உரையாடுகின்றன" என்று முதலாண்டு மாணவர் எழுதிவிடுவார். நிழல் எந்த மாதத்தில் எந்தப் பக்கம் விழுகிறது என்று கேட்டால் கைபேசியைத் தேடுவார். (பெரிய கோயில் விமானத்தின் நிழல் தரையில் விழாது என்று இன்றும் சொல்லப்படுகிறது. மாலையில் அரை மணி நேரம் முற்றத்தில் உட்கார்ந்திருந்தால் அது நன்றாகவே விழுவதைக் காணலாம்.) இந்த நோய்க்கு நான் அறிந்த ஒரே மருந்து, அளந்து வரைதல். இரண்டாம் ஆண்டில் ஒரு சிறிய சோழர் காலக் கோயிலை அளக்க எங்களை அனுப்பினார்கள். நூல் கட்டி, தூக்குக்குண்டு விட்டு, அடித்தளத்தில் புடைத்து நின்ற ஒரு வளைவை இரண்டு மணி நேரம் அளந்து, "அரைவட்டப் புடைப்பு" என்று குறித்துக்கொண்டேன். அங்கே திருப்பணியில் இருந்த முதிய ஸ்தபதி ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டு, "அதுக்குக் குமுதம்னு பேரு தம்பி. இது உருட்டுக் குமுதம், பட்டைக் குமுதமும் உண்டு. பேரு தெரியாம அளந்தா என்ன அளந்தீங்கன்னு உங்களுக்கே தெரியாதே" என்றார். ஐந்து ஆண்டுகளில் ஐரோப்பியத் தூண் வகைகளின் பெயர்களை நான் மனப்பாடம் செய்திருந்தேன். குமுதத்தின் பெயரை எந்த வகுப்பிலும் கேட்டதில்லை.

மாமல்லபுரத்துப் படிப்பு அந்தப் பெயரிலிருந்துதான் தொடங்குகிறது. அதிட்டானம் (அடித்தளம்), சுவர், பிரஸ்தரம் (கூரை வரிசை), கழுத்து, சிகரம், கலசம் என்று கீழிருந்து மேலாக விமானத்தைப் படிக்கவும், ஒவ்வோர் அங்கத்துக்கும் உரிய அளவு விகிதத்தோடு வரையவும் அங்கே பழக்குகிறார்கள். கல், சுதை, உலோகம், மரம் ஆகியவற்றில் சிற்பம் செதுக்குபவர்களும் அதே வளாகத்தில் படிப்பதால், வரைபடத்தில் போட்ட கோடு கல்லில் எவ்வளவு கடினமானது என்பது உடனுக்குடன் தெரிந்துவிடும். முன்பு இக்கல்லூரியின் முதல்வராக இருந்த கணபதி ஸ்தபதி வடிவமைத்த கன்னியாகுமரி திருவள்ளுவர் சிலையில், 38 அடிப் பீடம் அறத்துப்பாலின் 38 அதிகாரங்களையும், அதன் மேல் நிற்கும் 95 அடிச் சிலை ஏனைய இரு பால்களின் அதிகாரங்களையும் குறிக்கின்றன. எண்ணையே பொருளாக்கும் இந்தச் சிந்தனை பி.ஆர்க் ஸ்டூடியோவில் பிறந்திருக்காது. பெரிய கோயிலின் முன் நிற்கும் மாமல்லபுரத்து மாணவருக்கு, நாம் "அலங்காரம்" என்று ஒரே சொல்லில் தாண்டிப்போகும் பரப்பு முழுவதும் கூடம், சாலை, பஞ்சரம் என்னும் குறுங்கோயில் வடிவங்களாகப் பிரிந்து, சிறுசிறு கோயில்களை அடுக்கிய ஒரு பெரிய கோயிலாகத் தெரியும். மற்ற இரண்டு படிப்புகளும் இந்தக் கண்ணைத் தருவதில்லை.

ஆனால் இதே மூவரையும் புதுச்சேரிக்கு அழைத்துச்சென்றால் தராசு மாறும். 1937இல் பணி தொடங்கி, ஆர்க்கிடெக்ட் ஆன்டனின் ரேமண்டின் வடிவமைப்பில் எழுந்த, அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டே விடுதியில் வழக்கமான சன்னலே கிடையாது. வடக்கும் தெற்கும் நோக்கிய இரு முகங்களிலும், கிடையாக வரிசை வரிசையாகப் பொருத்திய பலகைகளைத் திருப்பித்தான் காற்றையும் வெளிச்சத்தையும் உள்ளே விடுகிறார்கள். கம்பிக் கான்கிரீட் கட்டடம் என்பதால் சிவில் மாணவருக்கு அங்கே வேலை உண்டு. வெயிலையும் காற்றையும் கட்டடத்தின் முகமே கையாள்கிறது என்பதால் பி.ஆர்க் மாணவர் நாள் முழுக்க அங்கேயே இருப்பார். மாமல்லபுரத்து அளவுகோலுக்கு அங்கே பிடி கிடைப்பது கடினம். மருத்துவமனை, பள்ளி, அடுக்குமாடி என்று இன்று கட்டப்படுவனவற்றில் மனம் செல்லுமானால், இந்த வேறுபாட்டை அற்பமாக ஒதுக்கிவிட முடியாது.

நடைமுறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சிவிலுக்குத் தமிழ்நாட்டில் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணை வைத்துக் கலந்தாய்வு, பி.ஆர்க்குக்கு நாட்டா என்கிற நுழைவுத் தேர்வு, அல்லது திருச்சி என்.ஐ.டி. போன்றவற்றுக்கு ஜே.இ.இ. இரண்டாம் தாள். 1972ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஆர்க்கிடெக்ட் என்று பெயர்ப்பலகை மாட்டக் கட்டடக்கலை மன்றத்தின் பதிவு வேண்டும். சிவில் பட்டம் அதற்குப் போதாது. எந்தப் பட்டத்தில் சேர்வதாக இருந்தாலும், அது அந்தச் சட்டத்தின் அட்டவணையில் உள்ளதா என்று முன்பே பார்த்துக்கொள்வது நல்லது. மாமல்லபுரத்தில் படித்தவர்களுக்கு அறநிலையத் துறையின் ஸ்தபதிப் பணியும் கோயில் திருப்பணிகளும் திறந்திருக்கின்றன. பழைய கட்டடங்களைக் காப்பதில் ஆர்வமுள்ள சிவில் மாணவருக்குச் சென்னை ஐ.ஐ.டி.யில் அதற்கென்றே ஓர் ஆய்வு மையம் உண்டு.

சென்ற ஆண்டு என் அக்கா மகளை மாமல்லபுரத்து ஐந்து இரதங்களுக்கு அழைத்துச் சென்றேன். கணிதத்தில் நூறு வாங்கும் பெண் என்பதால் சிவில்தான் என்று வீட்டில் ஏற்கெனவே தீர்மானித்திருந்தார்கள். சகாதேவ இரதத்தின் வளைந்த பின்புறத்தையும் பக்கத்தில் நிற்கும் கல் யானையின் முதுகையும் மாறி மாறிப் பார்த்தவள், "மாமா, ரெண்டும் ஒரே கோடு மாதிரி இருக்கே, வேணும்னே செஞ்சதா?" என்று கேட்டாள். அந்த வடிவத்துக்குத் தூங்கானை மாடம் என்று பெயர் என்றேன். எப்படிக் குடைந்தார்கள், எத்தனை டன் இருக்கும் என்று கேட்பாள் என எதிர்பார்த்தேன், கேட்கவில்லை. வீடு திரும்பும் வரை அந்தப் பெயரைத்தான் சொல்லிக்கொண்டு வந்தாள். மாமல்லபுரத்துக்கும் ஒரு விண்ணப்பம் போடச் சொல்லியிருக்கிறேன். அக்கா என்னோடு இன்னும் சரியாகப் பேசுவதில்லை.