அல்ஜீப்ராவ எதுல ஆரம்பிக்கறது: பேனா பென்சிலா, தராசா, தீக்குச்சியா?

8 + 4 = ▢ + 5. கட்டத்துல என்ன வரும்னு அஞ்சாவது ஆறாவது படிக்கிற பசங்கள கேட்டுப் பாருங்க. நெறைய பேர் 12ன்னு சொல்வாங்க, சிலர் இருக்கறத எல்லாம் கூட்டி 17ம்பாங்க. கூட்டத் தெரியாம இல்ல, அவங்களுக்கு சமக்குறின்னா "விடைய இங்க எழுது", கால்குலேட்டர்ல கடைசியா அமுக்குற பட்டன் மாதிரி, அவ்ளோதான். இந்த நெனப்போட எக்ஸ் பக்கம் போனா எதுவும் ஒட்டாது. அதனால எந்த முறைய எடுத்தாலும் நான் பாக்கறது ரெண்டே விஷயம்: சமக்குறி புரியுதா, எழுத்து எத குறிக்குதுன்னு புரியுதா.

பேனா பென்சில் முறை உங்களுக்கே தெரிஞ்சிருக்கும். 3பே + 2பெ-ன்னா மூணு பேனா ரெண்டு பென்சில், ரெண்டையும் சேக்க முடியாது பாருன்னு சொல்லிட்டா அஞ்சு நிமிஷத்துல வேல முடிஞ்சுது. ஆனா பே × பெ வந்தா என்ன பண்றது, பேனாவ பென்சிலால பெருக்கறதா? எழுத்து பொருள் இல்ல, எண். நம்ம பழைய கணித அறிஞர் பிரம்மகுப்தர் 628ல எழுதினப்போ தெரியாத எண்களுக்கு நிறங்களோட பேரத்தான் வச்சார், பேர் நிறத்தோடது, குறிக்கறது எண்ண. இந்தக் குழப்பம் சின்னப் பசங்களோட நிக்காது. "ஒரு ஆசிரியருக்கு ஆறு மாணவர்"ங்கறத சமன்பாடா எழுதச் சொன்னா இன்ஜினியரிங் படிக்கிறவங்களே 6மா = ஆ-ன்னு எழுதினது 1980கள்ல வந்த ஆராய்ச்சியிலயே இருக்கு. மா = 6ஆ-தான் சரி, ஆசிரியர் எண்ணிக்கைய ஆறால பெருக்குனாத்தான மாணவர் எண்ணிக்கை வரும். இந்த முறைய நான் தொடவே மாட்டேன்.

தராசு சமக்குறிக்குன்னே செஞ்சது. 1557ல ராபர்ட் ரெக்கார்ட்ங்கற கணித அறிஞர் இந்தக் குறிய அச்சுல கொண்டு வந்தப்போ, ஒரே நீளத்துல ரெண்டு இணைகோடு, இத விட சமமா என்ன இருக்க முடியும்னுதான் காரணம் சொன்னார். 3எக்ஸ் + 2 = எக்ஸ் + 8. ரெண்டு தட்டுலயும் ஒரு எக்ஸ் எடு, அப்புறம் ரெண்டு ரெண்டு எடு, 2எக்ஸ் = 6, அதனால எக்ஸ் 3. எதுக்காக "ரெண்டு பக்கமும்"னு பையனுக்குக் கண்ணாலயே தெரியுது. "அந்தப் பக்கம் போனா சைன் மாறும்"னு நேரா ஆரம்பிச்சவன் 2எக்ஸ் = 6-ல ரெண்ட தூக்கிப் போட்டு 6 − 2ன்னு நாலு எழுதிட்டு வருவான். அந்த ரூல் தராசுக்கு அப்புறம் வந்தா ஒண்ணும் தப்பில்ல, பரீட்சைல நேரம் மிச்சம். ஆனா எக்ஸ் + 5 = 3 வந்தா தராசு படுத்துடும், மைனஸ் ரெண்டு எடைக்கல்லுக்கு எங்க போறது? இன்னொரு குறை, இதுல எக்ஸ் எப்பவுமே ஒளிஞ்சிருக்கற ஒரே ஒரு எண்தான், கண்டுபிடிச்சதும் அதுக்கு வேல முடிஞ்சுது.

எழுத்துக்கு என்னோட ஓட்டு தீக்குச்சிக்குத்தான். வரிசையா ஒட்டி ஒட்டி சதுரம் வைக்கச் சொல்லுங்க, ஒண்ணுக்கு 4 குச்சி, ரெண்டுக்கு 7, மூணுக்கு 10. நூறு சதுரத்துக்கு எத்தனை? பத்துக்கு 31, அப்போ நூறுக்கு 310ன்னு ஒருத்தன் கண்டிப்பா சொல்வான், சொல்லட்டும், பொறுமையா வரைய வச்சா ஒட்டுற இடத்துல குச்சிய ரெண்டு தடவ எண்ணிட்டோம்னு அவனே கண்டுபிடிச்சு 301க்கு வந்துடுவான். சதுரம் எத்தனைங்கறதுக்கு ந போடுங்க (ச வேண்டாம், பேனா வியாதி திரும்பிடும்). ஒருத்தி மொத சதுரத்துக்கு 4, மத்ததுக்கு மூணு மூணுன்னு 4 + 3(ந − 1) எழுதுவா, ஒருத்தன் ஓரத்துல ஒரு குச்சி வச்சுட்டு 1 + 3ந, இன்னொருத்தன் மேல ந, கீழ ந, நிக்கறது ந + 1. மூணும் ஒரே விடை குடுக்குது, ஏன்? அடைப்புக்குறிய பிரிச்சுப் பாக்க பசங்களுக்கு மொத தடவையா ஒரு காரணம் கெடைக்கறது அங்கதான், அதோட ந-ங்கறது எந்த எண்ணா வேணா இருக்கலாம்னு யாரும் சொல்லாமலே வந்துடுது. சமக்குறிக்கு மட்டும் இது பெருசா ஒதவாது, நேரமும் தின்னும், ஒரு பீரியட்ல முடியாது.

நான் ரெண்டையும் ஒரே கணக்குல கோத்துடுவேன். குச்சி முடிஞ்ச மறுநாள், "கையில 250 குச்சி இருக்கு, மிச்சம் இல்லாம எத்தனை சதுரம் வரும்?" 3ந + 1 = 250-ன்னு அவங்களே எழுதறப்போதான் தராச வெளிய எடுக்கணும்.