கடல் சிங்கத்தின் பல் பட்ட டோம்: ஒரு ஹவுசிங்கோடு ஆறு வருடம்

மும்பை செம்பூரிலிருந்து ஒரு தம்பி போன வாரம் கூப்பிட்டார். கர்நாடகக் கடலோரத் தீவான நேத்ராணியில் என்னோடு டைவ் செய்தவர். "அக்கா, நீங்க வச்சிருக்கிற அதே ஹவுசிங் பாதி விலைக்கு வருது. வாங்கிடட்டுமா? எனக்கும் கடல் சிங்கம் எடுக்கணும்" என்றார். அவர் கேட்ட நேரத்தில் என் ஹவுசிங், அதாவது கேமராவில் தண்ணீர் படாமல் கடலுக்குள் கொண்டுபோகும் பெட்டி, முலுண்ட் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் பாகம் பாகமாகக் கிடந்தது. ஷட்டர் பொத்தானின் தண்டில் இருக்கும் சின்ன ஓ-ரிங், தண்ணீரை அடைக்கும் ரப்பர் வளையம், தேய்ந்துபோய், அதை மாற்ற உட்கார்ந்திருந்தேன். அப்புறம் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். சொல்ல வேண்டியது போனில் அடங்காது.

விலை ஏன் இறங்கியது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். இது மட்டமான சரக்கு என்பதால் இல்லை. நீருக்கடியில் கொண்டுபோகும் ஹவுசிங் என்பது ஒரே ஒரு கேமரா மாடலுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை. கேமராவில் பொத்தான் எங்கே இருக்கிறதோ அதற்கு நேராகத்தான் வெளித்தண்டு இறங்கும். புது மாடலில் பொத்தான் இரண்டு மில்லிமீட்டர் நகர்ந்தாலே பழைய ஹவுசிங் அதற்கு ஆகாது. புது மாடல் வந்துவிட்டது, கடைக்காரர்கள் தள்ளிவிடுகிறார்கள். வாங்குகிறவர் அந்தப் பழைய கேமராவையும் சேர்த்துத் தேட வேண்டியிருக்கும்.

நான் வாங்கியது 2019-ல். பாலிகார்பனேட் பிளாஸ்டிக் உடம்பு, முன்னால் கவிழ்த்த கிண்ணம் போன்ற 8 அங்குல அக்ரிலிக் டோம், உள்ளே மிக அகலமாகப் பார்க்கும் ஃபிஷ்ஐ லென்ஸ். இதுவரை 140 டைவ் இருக்கும். அந்தமான், லட்சத்தீவு, நேத்ராணி, அப்புறம் மெக்சிகோவின் லா பாஸுக்கு இரண்டு முறை. பிடி நன்றாக இருக்கிறது, கையுறை போட்டாலும் பொத்தான்களை அழுத்த முடிகிறது. டோமுக்குள் இருக்கும் காற்று அதை ஓயாமல் மேலே தூக்கிக்கொண்டே இருப்பதால் ஒரு மணி நேரத்தில் மணிக்கட்டு கடுக்கும். பெரிய டோம் எதுவாக இருந்தாலும் இது உண்டு, இதற்குப் போய் நான் கோபப்பட மாட்டேன்.

அந்த டோமைப் பற்றி மட்டும் நிறையச் சொல்ல வேண்டும்.

நம் கடலில் கடல் சிங்கம் கிடையாது. லா பாஸிலிருந்து படகில் ஒரு மணி நேரத்துக்கு மேல் போனால் லோஸ் இஸ்லோடெஸ் வரும். எஸ்பிரித்து சான்டோ தீவுகளுக்கு வடக்கே, பறவை எச்சத்தால் வெளுத்துப்போன பாறைத் திட்டு. கலிஃபோர்னியா கடல் சிங்கங்கள் அங்கே நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. படகு நெருங்கும் முன்பே குரைக்கும் சத்தம் வந்துவிடும், தண்ணீருக்குள் இறங்கிய பிறகும் அது காதில் கேட்டுக்கொண்டே இருக்கும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை அவை குட்டி போட்டு இணைசேரும் காலம் என்பதால் அந்த மூன்று மாதமும் அங்கே நீந்தவிடுவதில்லை. நான் போனது இரண்டு முறையும் நவம்பரில். அப்போது குட்டிகளுக்கு நாலைந்து மாதம் ஆகியிருக்கும். நீச்சல் வந்துவிட்டது, பயம் இன்னும் வரவில்லை.

தட்டைக் கண்ணாடி வைத்த ஹவுசிங்கில் நீரின் ஒளிவிலகலால் எல்லாமே மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தெரியும், லென்ஸின் அகலமும் அந்த அளவுக்குக் குறுகிவிடும். டோம் அந்த அகலத்தைக் காப்பாற்றிக் கொடுக்கும். அதனால் ஒரு முழம் தூரத்தில் வந்து நிற்கும் குட்டியை மூக்கிலிருந்து துடுப்பு வரை ஒரே படத்தில் அடக்கலாம். நடுவில் தண்ணீர் குறைவாக இருப்பதால் மீசை முடி ஒவ்வொன்றும் தனித்தனியாக விழும். இவ்வளவும் எதிர்பார்த்து வாங்கியதுதான்.

டோம் அவற்றுக்கு முகம் பார்க்கும் கண்ணாடியாக இருக்கும் என்பதை நான் எதிர்பார்க்கவில்லை. 2019-ல் முதல் டைவ், ஆழம் 6 மீட்டர்தான். ஒரு குட்டி தலைகீழாக வந்து டோமுக்கு முன்னால் அப்படியே நின்றது. நான் அசையவில்லை. அது தலையை இந்தப் பக்கம் சாய்த்தது, அந்தப் பக்கம் சாய்த்தது, மூக்கிலிருந்து ஒரே ஒரு குமிழி விட்டது. என்னை அது பார்க்கவே இல்லை. டோமில் தெரிந்த தன் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. அப்புறம் வாயைத் திறந்து டோமை மெல்லக் கவ்வியது. பல் அக்ரிலிக்கில் உரசும் கிறீச்சென்ற சத்தம் ஹவுசிங் வழியாக என் உள்ளங்கைக்கு வந்தது. படத்தில் அதன் அண்ணமும் நாக்கும் இன்னும் முழுதாக முளைக்காத பற்களும் இருக்கின்றன.

ஸ்பானிய மொழியில் அவற்றை லோபோ மாரினோ, கடல் ஓநாய் என்கிறார்கள். நாம் சிங்கம் என்கிறோம். அம்மா அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, "நம்ம தெரு நாய்க்குட்டிடி இது, செருப்பைக் கவ்விட்டு ஓடுமே" என்றாள். மூன்று பெயரில் அம்மா சொன்னதுதான் சரி.

டோமில் இரண்டு சென்டிமீட்டர் நீளத்துக்குக் கீறல் விழுந்திருந்தது. கடை ஆட்கள் கண்ணாடி டோம் வாங்கச் சொல்வார்கள், கீறல் விழாது என்று. இந்த இடத்தில் நான் அக்ரிலிக் பக்கம்தான். வெளிப்பக்கம் விழும் கீறலில் தண்ணீர் போய் நிரம்பிக்கொள்வதால் நீருக்கடியில் அது பெரும்பாலும் மறைந்துவிடும். சூரியனுக்கு நேரே பிடித்தால் மட்டும் ஒரு வெள்ளை இழை தெரியும். அப்படியும் உறுத்தினால் வீட்டிலேயே தேய்த்து எடுக்கலாம். பால்கனியில் உட்கார்ந்து, தண்ணீர் தொட்டு, சொரசொரப்பு குறைந்துகொண்டே போகும் தாள்களால் ஒரு மதியம் முழுக்கத் தேய்த்தேன். முதல் தாளில் டோம் முழுக்கப் பால்போல் வெளுத்து வயிற்றைக் கலக்கியது. கடைசித் தாளில் துலங்கி வந்துவிட்டது. கண்ணாடியில் விழுந்த கீறலோடு காலம் பூராவும் இருக்க வேண்டியதுதான்.

இனி என் கோபத்துக்கு வருகிறேன்.

இந்த ஹவுசிங்குக்குள் ஆவி படிகிறது. ரசம் ஊற்றிக்கொள்ளக் குனியும்போது மூக்குக் கண்ணாடியில் படியுமே, அதே ஆவி. டோமின் உட்புறத்தில், சரியாக நடுவில், உள்ளங்கை அகலத்துக்கு. வெளியே என்றால் துடைக்கலாம், உள்ளே படிந்தால் அந்த டைவ் போனதுதான்.

2023 நவம்பர், அதே பாறை. முதல் டைவ் முடிந்து படகில் ஏறினேன். பேட்டரி தீர்ந்துவிட்டது. துண்டால் கையைத் துடைத்துக்கொண்டுதான் திறந்தேன். ஆனால் தலைமுடியிலிருந்து இரண்டு சொட்டு உள்ளே விழுந்ததை நான் கவனிக்கவில்லை. மூடினேன், பம்ப்பால் காற்றை இழுத்து வெற்றிடச் சோதனை பார்த்தேன், கசிவு இல்லை என்று பச்சை விளக்கு எரிந்தது. முக்கால் மணி நேரம் அது வெயிலில் கிடந்தது. அந்தச் சூட்டில் இரண்டு சொட்டும் ஆவியாகிக் காற்றில் கலந்திருக்கும். இறங்கியதும் மணிக்கட்டில் கட்டியிருந்த டைவ் கம்ப்யூட்டர் தண்ணீர் 24 டிகிரி என்று காட்டியது. ஐந்தாவது நிமிடம் டோம் வெளுக்கத் தொடங்கியது.

அந்த நேரம் பார்த்து ஒரு குட்டி நட்சத்திர மீன் ஒன்றை வாயில் கவ்விக்கொண்டு வந்தது. என் முன்னால் அதைக் கீழே விட்டது. நட்சத்திர மீன் சுழன்றுகொண்டே மெதுவாக இறங்க, தரையைத் தொடுவதற்குள் பாய்ந்து பிடித்தது. மறுபடி மேலே வந்து விட்டது, மறுபடி பிடித்தது. மூன்றாவது முறை விட்டுவிட்டு என்னைப் பார்த்தது. நான் போய்ப் பிடிக்க வேண்டும் என்று காத்திருந்ததாகவே எனக்குப் பட்டது. தொடக்கூடாது என்பது அங்கே விதி, நான் அசையவில்லை. அதுவே போய் எடுத்து வந்தது. ஐந்து நிமிடம் இப்படியே நடந்தது. பிறகு கிட்டத்தட்ட 300 கிலோ இருக்கும் ஓர் ஆண் கடல் சிங்கம், நெற்றி மேடு புடைக்க, குமிழி ஊதிக்கொண்டு குறுக்கே போனது. வழிகாட்டி கையைக் காட்ட நாங்கள் விலகிவிட்டோம். என்னிடம் 41 படங்கள் இருக்கின்றன. எல்லாவற்றிலும் நடுவில் வெள்ளைப் புகை, ஓரத்தில் ஒரு துடுப்பு. ஒன்றைக்கூட நான் அழிக்கவில்லை, அழிக்க மனம் வரவில்லை.

திரும்பி வந்ததும் பழி யாருடையது என்று தெரிந்துகொள்ள வேண்டும் போலிருந்தது. அடுத்த ஜூலையில், மும்பையில் துவைத்த துணி மூன்று நாள் காயாத ஒரு வாரத்தில், கூடத்தில் ஜன்னலைத் திறந்து வைத்து ஹவுசிங்கை மூடினேன். பக்கெட் தண்ணீரில் ஐஸ் போட்டு, டைவ் கம்ப்யூட்டரை உள்ளே தொங்கவிட்டு, 20 டிகிரி வந்ததும் ஹவுசிங்கை முக்கினேன். நாலு நிமிடத்தில் ஆவி படிந்துவிட்டது. அடுத்த நாள் ஏசி அறையில் ஒரு மணி நேரம் திறந்து வைத்து அங்கேயே மூடி, அதே பக்கெட், அதே 20 டிகிரி. அரை மணி நேரம் ஆகியும் ஒன்றும் இல்லை. ஈரக் காற்றை உள்ளே வைத்து அடைத்தால் அது குளிர்ந்த இடத்தில் படியத்தான் செய்யும். அது இயற்கை, அதற்கு ஹவுசிங்கைக் குறை சொல்ல முடியாது. படகில் தலையைத் துவட்டாமல் திறந்தது என் தவறுதான்.

ஆனால் முழுப் பழியையும் நான் ஏற்க மாட்டேன். அலுமினிய ஹவுசிங்கில் உலோகம் சட்டென்று குளிர்ந்துவிடுவதால் ஈரம் முதலில் அந்தச் சுவரில் போய்ப் படியும், கேமராவின் சூடும் அதன் வழியே தண்ணீருக்குப் போகும். பிளாஸ்டிக் சுவர் சூட்டை உள்ளேயே பிடித்து வைத்துக்கொள்ளும். இது செய்தவர்களுக்குத் தெரியாமல் இருக்காது. தெரிந்தும் ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பாக்கெட் ஒன்றைச் செருகி வைக்க உள்ளே ஒரு பள்ளம்கூட விடவில்லை. கையேட்டில் சிலிக்கா ஜெல் வைக்கச் சொல்கிறார்கள், எங்கே வைப்பது என்று சொல்லவில்லை. பேட்டரி மூடிக்கும் சுவருக்கும் நடுவில் திணித்துப் பார்த்தேன். அந்தமானில் ஒரு டைவில் அது நழுவி ஷட்டர் நெம்புகோலுக்கு அடியில் போய் மாட்டிக்கொண்டது. 40 நிமிடம் ஒரு படம்கூட எடுக்க முடியவில்லை. டோமோடு சேர்த்து ஒன்றேகால் லட்சம் கொடுத்த பொருளில் தீப்பெட்டி அளவுக்கு ஓர் இடம் கேட்பது பேராசை இல்லை.

இப்போதைய ரிப்பேர் கதை சின்னது. வெற்றிடச் சோதனையில் பச்சை விளக்கு பத்து நிமிடத்தில் சிவப்பானது. ஒவ்வொரு தண்டாகக் கழற்றிப் பார்த்ததில் ஷட்டர் தண்டின் ஓ-ரிங் தட்டையாகியிருந்தது. அதை எடுத்துக்கொண்டு மஸ்ஜித் பந்தர் பக்கம் நாக்தேவி தெருவுக்குப் போனேன். கடைக்காரர் கேலிப்பரால் அளந்து, அதே அளவில் நைட்ரைல் ரப்பர் ரிங் பத்து எடுத்துக் கொடுத்தார். டீ செலவுகூட ஆகவில்லை. இப்போது ராத்திரி முழுக்க வைத்தாலும் பச்சை பச்சையாகவே இருக்கிறது. ஆறு வருடத்தில் ஒரு சொட்டுக் கடல் தண்ணீர் உள்ளே வந்ததில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

தம்பிக்கு இன்னும் ஒன்று. கடல் சிங்கத்துக்கு ஃப்ளாஷ் வேண்டாம். என் கேமராவில் ஃப்ளாஷ் போட்டால் ஷட்டர் வேகம் 1/160 நொடிக்கு மேல் ஏறாது, அந்த வேகத்தில் குட்டி வெறும் கோடாகத்தான் விழும். போதாததற்கு அவை கிளப்பும் மண்ணும் குமிழியும் வெளிச்சம் பட்டுப் படம் முழுக்க வெள்ளைப் புள்ளியாகும். எட்டு மீட்டருக்குள் வெயிலே போதும். ஷட்டர் 1/400, லென்ஸ் துளை எஃப் 8, ஒளியுணர்வு ஐஎஸ்ஓ 400-ல் தொடங்குங்கள். கேமரா சுருக்காமல் சேமிக்கும் ரா ஃபைலில் எடுத்தால், தண்ணீர் விழுங்கிய சிவப்பைக் கொஞ்சம் மீட்டுக்கொள்ளலாம். அப்புறம், விமானத்தில் ஏற்றும்போது ஹவுசிங்கின் மூடியை அடைக்கும் பெரிய ஓ-ரிங்கைக் கழற்றி வையுங்கள். பூட்டிய ஹவுசிங் அழுத்த மாற்றத்தில் இறுகிவிட்டால் திறக்கவே வராது.

நேற்று ராத்திரி அவருக்கு அனுப்பிய பதில், "வாங்க வேண்டாம் தம்பி. பாதி விலை இல்லை, கால் விலை என்றாலும் வேண்டாம்." உடனே கூப்பிட்டார். "அப்ப நீங்க இதை வித்துட்டு அலுமினியம் வாங்கப் போறீங்களா அக்கா?"

இல்லை என்றேன். நவம்பரில் மறுபடி லா பாஸ் போகிறேன், இந்த ஹவுசிங்கோடுதான். அந்தப் பல் பட்ட டோமை இன்னொருவர் கையில் கொடுக்க என்னால் முடியாது. ராத்திரி ஏசி அறையில் மூடுவேன். படகில் திறக்க மாட்டேன், இரண்டாவது பேட்டரியைக் கொண்டுபோவதாகவே இல்லை. ஒரு பேட்டரிக்கு எத்தனை படம் வருகிறதோ அத்தனை. முதல் டைவில் ஆண் கடல் சிங்கங்கள் ரோந்து போகும் பக்கம் போகாமல், குட்டிகள் விளையாடும் அந்த மணல் தரைக்கு நேராகப் போய் உட்கார்ந்துவிடுவேன்.