அப்லோட் பண்ணித் தர்றோம்னு ₹18,500 வாங்கிட்டு என் பொங்கல் செட்டையே வித்துட்டிருக்காங்க

வெக்டர் (எவ்ளோ பெருசாக்குனாலும் உடையாத கம்ப்யூட்டர் படம்) வரைஞ்சு ஸ்டாக் சைட்ல, அதாவது படத்தை ஏத்தி வச்சா வேணுங்கிறவங்க காசு குடுத்து எடுத்துக்குற வெப்சைட்ல, விக்கிறவங்க இதைப் படிச்சிட்டுப் போங்க. ₹18,500 போச்சு, படமும் போச்சு.

பானை, கரும்பு, மஞ்சக்கொத்து, காளை, முறம், கோலம்னு 24 படம் வரைஞ்சு வச்சிருந்தேன். செட்டுன்னா சும்மா சேர்த்துக் கட்டுறதில்ல, எல்லாத்துக்கும் ஒரே தடிமன்ல கோடு (ஸ்ட்ரோக்), அதே அஞ்சு கலர், நிழல் ஒரே பக்கம், அப்பதான் வாங்குறவங்க எந்த ரெண்டை எடுத்து ஒரு போஸ்டர்ல வச்சாலும் ஒட்டும். கலர் பூரா குளோபல் ஸ்வாட்ச்னு சேர்த்து வச்ச கலர், ஒண்ணை மாத்துனா அந்த ஃபைல்ல எல்லா இடத்துலயும் மாறிடும்.

வரையுறது சுகம், ஒவ்வொண்ணுக்கும் தலைப்பு, வாங்குறவங்க தேடுற வார்த்தையா முப்பது நாப்பது கீவேர்டுன்னு அடிக்கிறதுதான் உயிரை எடுக்கும். அதைச் செஞ்சு எல்லா சைட்லயும் ஏத்தித் தர்ற ஏஜென்சி ஒண்ணு மாட்டுச்சு. அங்க பேசுன ஆளு சாம்பிளைப் பாத்துட்டு, "சிஸ்டர், மத்ததெல்லாம் ஸ்ட்ரோக் 3 பாயிண்ட், கரும்புல மட்டும் 2 இருக்கு பாருங்க"ன்னான். திறந்து பாத்தா ஆமா! இவ்ளோ நுணுக்கமா பாக்குறவன் தொழில் தெரிஞ்சவன்தானேன்னு அன்னைக்கு ராத்திரியே ₹18,500 ஜிபே பண்ணேன். லேயரோட, அதாவது ஒவ்வொரு பாகத்தையும் தனித்தனியா மாத்துற மாதிரி இருக்குற இல்லஸ்ட்ரேட்டர் ஒரிஜினல் ஃபைல் வேணும்னான், அதையும் அனுப்பிட்டேன்.

அப்புறம் ஆரம்பிச்சது பாருங்க. "ரிவியூல இருக்கு சிஸ்டர்." "பண்டிகை டைம், க்யூ பெருசு." "டீம் லீடர் லீவு." ஒரு பொண்ணு எடுத்து டிக்கெட் நம்பர் கேக்குது, டிக்கெட்டே தரலயேம்மா! பொங்கல் படம் ஐப்பசி கார்த்திகையிலயே ஏறியிருக்கணும், தை பொறந்து மாட்டுப்பொங்கலும் முடிஞ்சிருச்சு.

நானா ஒரு சைட்ல தேடுனா என் காளை நிக்குது, எவன் பேர்லயோ, ஊதா கலர்ல. ஸ்வாட்ச்சை மாத்தி, செட்டை உடைச்சு, ஒண்ணொண்ணா விக்கிறான். இடது கொம்புல மட்டும் குஞ்சம் வச்சது நான், அது அப்படியே இருக்கு. கேட்டா "பொங்கல்னா எல்லாரும் காளைதான வரைவாங்க சிஸ்டர்"ங்கிறான். ₹18,500 திருப்பிக் குடுன்னா, "அப்லோட் ஆயிருச்சே, சர்வீஸ் முடிஞ்சது." ஆமாடா, ஆயிருச்சு, யார் பேர்ல? இப்ப நான் என் அக்கவுண்ட்ல ஏத்துனா ஏற்கனவே இதே மாதிரி இருக்குன்னு ரிஜெக்ட்.

என்னென்ன பாக்கணும்னு விலாவாரியா எழுதலாம்னு உக்காந்தேன், கோவத்துல வரமாட்டேங்குது. லேயர் ஃபைலை யாருக்கும் குடுக்காதீங்க. அக்கவுண்ட் உங்க பேர்லயே திறங்க, பெரிய சைட் எதுலயும் சேர காசு கிடையாது. அமெரிக்க வரி ஃபார்ம் கஷ்டம்னு பயமுறுத்துவாங்க, நம்பாதீங்க, பான் நம்பர் போட்டு நீங்களே நிரப்பலாம், அங்க விக்கிற படத்துக்கு வர்ற ராயல்டில (நம்ம பங்குல) 30% வரி பிடிக்கிற இடத்துல 15%தான் பிடிப்பாங்க. பில் கேளுங்க, நான் கேட்டதுக்கு ஒரு தம்ஸ்-அப் வந்துச்சு.

காப்பிரைட் கம்ப்ளைண்ட் போட பழைய ஃபைலெல்லாம் தேதியோட எடுத்துட்டிருக்கேன், 24க்கும் தனித்தனியா லிங்க் தேடணும்.