நுவரெலியாவில் ஒரு மரப் பங்களா விடுதி

நுவரெலியாவில், கிரகரி வாவிக்கு மேலே ஏறும் ஒழுங்கையொன்றில் உள்ள பழைய மரப் பங்களாவில் அண்மையில் இரண்டு இரவுகள் தங்கினோம். குறைகளும் சொல்ல வேண்டியிருப்பதால் பெயரைத் தவிர்க்கிறேன். அறைகள் துப்புரவானவை, சுடுநீருக்குக் குறைவில்லை, காலையில் தந்த தேங்காய் ரொட்டியும் கட்டா சம்பலும் நன்று. ஆயினும் ஓரிரவுக்கு வாங்கும் 16,000 ரூபாவில் பெரும்பங்கு வீட்டின் பழைமைக்கானது என்பதால், அதைத்தான் முதலில் எடைபோட வேண்டும்.

வீடு உண்மையிலேயே அழகானது. முழங்கால் உயரக் கல் அத்திவாரத்தின்மேல் மரச்சட்டம் நிறுத்தி, வெளிப்புறம் ஒன்றின் விளிம்பை மற்றொன்று மூடும்படி பலகைகளை அடித்திருக்கிறார்கள். பகல் வெயிலில் விரிந்த அவை இரவுக் குளிரில் சுருங்கும்போது வீடு முழுவதும் நெட்டி முறிப்பதுபோல் சத்தமிடும். முதல் இரவு என் மகள் பயந்தே போனாள். 1,868 மீற்றர் உயரத்தில், ஈரமும் மூடுபனியும் ஓயாத ஊரில் மரத்தரை நிலைக்க அதன் அடியில் காற்று ஓட வேண்டும் என்பதை அறிந்த பழைய தச்சர்கள் அத்திவாரத்தில் இடையிடையே துளைகள் விட்டிருந்தார்கள். எலிக்குப் பயந்தோ என்னவோ, இப்போதைய நிர்வாகம் அவற்றைச் சீமெந்தால் அடைத்துவிட்டது. சாப்பாட்டறை மூலையில் பலகை காலடியில் அமுங்குவதற்கு அதுவே காரணமாயிருக்க வேண்டும். எவ்வளவு பொலிஷ் போட்டாலும் அது தீராது.

முன்கூடத்தில் தொங்கும் அறிவிப்புப் பலகை வீட்டுக்கு 200 வயது என்கிறது. இதை நான் நம்பவில்லை. ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் இங்கே தமக்கு வாசஸ்தலம் அமைத்ததே 1820களின் இறுதியை ஒட்டித்தான். இங்கே பண்ணை அமைத்த ஆங்கிலேயர் சாமுவேல் பேக்கர் குடியேறியது 1848இல். வீட்டிலிருந்து பார்க்கும் வாவியோ 1873இல் உருவானது. நெளிதகரக் கூரை பிற்காலத்தில் மாற்றப்பட்டதாக இருக்கலாம் என்று விட்டுவிட்டாலும், ஒரே அகலத்தில் இயந்திரத்தால் அறுத்த உட்கூரைப் பலகைகளைப் பார்க்கையில், 1885இல் இத்தகைய பலகைகளை ஏற்றிவரக்கூடிய ரயில் பக்கத்து நானுஓயாவை எட்டிய பிறகு எழுந்த வீடு என்றே எனக்குப் படுகிறது. அதுவும் குறைந்த வயதன்று. கூட்டிச் சொல்ல என்ன தேவை?

அதே அறிவிப்புப் பலகையில் துரைமாரின் குதிரைப் பந்தயமும் வேட்டையும் விரிவாக உள்ளன. அவர்களுக்குச் சமைத்தவர்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. பின்புறம் தனியே நிற்கும் குசினியை ஒட்டிய ஒடுங்கிய அறையைப் பற்றிக் கேட்டபோது, “அது சாமான் போடுற காம்பரா, சேர். அந்தக் காலத்தில அப்பு படுத்த இடமாம்” என்றார் பராமரிப்பாளர். பங்களாச் சமையற்காரரை அப்பு என்றுதான் அழைப்பார்கள். திறந்து காட்டினார். புகையேறிக் கறுத்த சுவரும், தேய்ந்த மரத் தாழ்ப்பாளும், ஆள் நிமிர முடியாத வாசலும் அப்படியே இருந்தன. வர்ணம் பூசப்படாமல் தப்பிய ஒரே அறை அதுதான். என் அம்மாயி இப்படியொரு பங்களாவில் ஆயாவாக இருந்தவர். முன்வாசலால் ஒருநாளும் உள்ளே போனதில்லை என்பார். பழைய மெத்தைகளை அகற்றி அந்த அறையை விருந்தினருக்குத் திறந்துவிட்டால், அறிவிப்புப் பலகையைவிட அது நன்றாகப் பேசும்.

முன்பதிவு செய்வோர் தோட்டத்தைப் பார்த்த பின்னறையைக் கேட்டு வாங்குங்கள். ஒழுங்கைப் பக்க அறையில் முச்சக்கர வண்டிச் சத்தம் விடியுமுன்னே தொடங்கிவிடும். தடித்த காலுறைகளும் அவசியம்.