செம்புச் சுருளா, எவர்சில்வர் சுருளா?

வீட்டில் பியர் காய்ச்சுபவர்கள் கொதித்த மால்ட் சாற்றைக் குளிர்விக்க, உள்ளே குளிர்ந்த நீர் ஓடும் செம்புக் குழாய்ச் சுருளையே முதலில் தேடுகிறார்கள். செம்பின் வெப்பக் கடத்துதிறன் மீட்டர்-கெல்வினுக்குச் சுமார் 400 வாட். 304 வகை எவர்சில்வருக்கோ 16தான். ஆனால் இந்த எண்கள் மிரட்டும் அளவுக்கு நடைமுறையில் வித்தியாசம் இல்லை. குழாயின் சுவர் மெல்லியது; வெப்பத்தைத் தடுப்பதில் பெரும்பங்கு அதை ஒட்டித் தேங்கும் திரவப் படலத்துக்கே. சாற்றைக் கிளறிக்கொண்டே இருந்தால் எவர்சில்வரும் ஈடுகொடுக்கும்.

செம்பைக் கையாலேயே வளைக்கலாம். எவர்சில்வர் அப்படிப் பணியாது, மடிந்து நசுங்கிவிடும். பாத்திர அளவைச் சொல்லிச் செய்து வாங்குவதே மேல். (அளவெடுக்கும்போது மூடியை மறந்துவிடாதீர்கள்!)

நொதித்த பியருக்குள் இறங்கும் சுருள் என்றால் எனக்குத் தயக்கமே இல்லை: எவர்சில்வர்தான். செம்பு அங்கே சிறிது கரைந்து ஆக்சிஜனேற்றத்தைத் தூண்டிச் சுவையைக் கெடுக்கும். எவர்சில்வரைக் குளோரின் பிளீச்சில் மட்டும் ஊறவிடக் கூடாது, குழிகுழியாக அரித்துவிடும்.