மெல்ட்சியா, கார்லோட்டாவா?

இத்தாலியின் கோமோ ஏரிக்கரையில் மெல்ட்சி, கார்லோட்டா என்ற இரண்டு மாளிகைகளையும் பார்த்துவிட்டேன். மிஞ்சியிருந்த கடைசிப் பிற்பகலை எங்கே கழிப்பது என்று வந்தபோது, பெல்லாஜியோ ஊரின் மெல்ட்சிக்கே திரும்பினேன்.

உள்ளே பார்ப்பதற்கு எதிர்க்கரை கார்லோட்டாதான். சிற்பி தோர்வால்ட்சன் புடைப்புச் சிற்பமாகச் செதுக்கிய அலெக்சாந்தரின் பாபிலோன் ஊர்வலம், சிற்பி கனோவாவின் கிரேக்க வீரன் பலமேதீஸ் சிலை இரண்டும் அங்கே இருக்கின்றன. மெல்ட்சி மாளிகைக்குள் பார்வையாளர்களை விடுவதில்லை. தோட்டம், சிறு தேவாலயம், சிறு அருங்காட்சியகம் மட்டுமே. சிற்பத்துக்காகப் போகிறவர்கள் யோசிக்கவே வேண்டாம்.

இரண்டுக்கும் பின்னால் ஒரு பகையும் உண்டு. 1802இல் நெப்போலியன் இத்தாலியக் குடியரசின் துணைத் தலைவராக பிரான்செஸ்கோ மெல்ட்சியை அமர்த்தினார். அந்தப் பதவியை எதிர்பார்த்து ஏமாந்த அரசியல்வாதி சொம்மாரிவா, அப்போது கார்லோட்டாவின் சொந்தக்காரர். 17ஆம் நூற்றாண்டு மாளிகையான அதை அவர் வாங்கிக் கலைப்பொருள்களால் நிரப்பினார். மெல்ட்சியோ 1808இல் தொடங்கிப் புதிதாகவே கட்டினார். கட்டடக் கலைஞர் ஜோகொண்டோ அல்பெர்டோல்லி, மிலானின் பிரேரா கலைக்கழகத்தில் அலங்காரக் கலை கற்பித்தவர். சுதை வேலையில் ஊறிய அந்தக் கை, ஏரியைப் பார்த்த வெண்முகப்பில் இவ்வளவு அடக்கம் காட்டியிருப்பதை நான் வெகுநேரம் நின்று பார்த்தேன்.

ஆனாலும் என்னைத் திரும்ப இழுத்தது தண்ணீர். கார்லோட்டா மேட்டில் நிற்கிறது. அதன் வாயிலுக்கும் ஏரிக்கும் நடுவே வண்டிகள் ஓடும் சாலை. படியேறிப் போய்த் திரும்பினால் ஏரி அழகாகத் தெரிகிறது, ஆனால் கீழே, தள்ளி. மெல்ட்சியில் நடைபாதையே கரைதான். பிளேன் மரங்களின் வரிசை, நீலமும் வெள்ளையுமான சிறு மண்டபம், மாளிகை என்று நடக்கும் வழியெல்லாம் அலைச் சத்தம் காலடியிலேயே கேட்கிறது. ஏரிக்கரை மாளிகை என்றால் எனக்கு இதுதான்.

நான் போனது அக்டோபரில். கார்லோட்டாவின் அசேலியாக்கள் ஏப்ரல், மே மாதங்களில் பூப்பவை. அப்போது போகிறவர்களுக்கு என் கணக்கு மாறலாம். ஒரு நாள் முழுதும் இருந்தால் காலையில் கார்லோட்டா, மதியத்துக்கு மேல் படகேறி மெல்ட்சி. முன்னது கிழக்கு பார்த்தது, பின்னது மேற்கு பார்த்தது. இரண்டு முகப்பிலும் வெயில் விழும்போதே பார்த்துவிடலாம்.