18 அடிப் படகில் எத்தனை தூண்டில்? முகத்துவாரத்து மூன்று ஏற்பாடுகள்

கொழும்பு முகத்துவாரத்திலிருந்து இழுவைத் தூண்டிலுக்கு, அதாவது ஓடும் படகின் பின்னால் இரையை இழுத்து மீன் பிடிக்கப் போகும் சின்ன ஃபைபர் படகுகளைக் கவனித்தால் மூன்று விதமான ஏற்பாடுகள் கண்ணில் படும். பின்பக்கம் நாலு ரொட் (ரீல் பூட்டிய தூண்டில் கோல்) நட்டுவைத்த படகு ஒன்று. இரண்டு பக்கமும் மூங்கில் கழி நீட்டி, அதில் நூல் தொங்கவிட்ட படகு ஒன்று. இரண்டு ரொட்டும் ஒரு கைத்தூண்டிலுமாகப் போகிற படகு ஒன்று. 'எதில் மீன் அதிகம் படும்?' என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். இரண்டு பேர் மட்டும் போகிற, எஞ்சினைக் கையால் பிடித்து ஓட்டுகிற 18, 19 அடிப் படகுக்கு நான் வேறு ஒன்றைக் கேட்பேன்: மீன் அடித்த அடுத்த அரை நிமிடத்தில் மற்றத் தூண்டில்களை யார் எடுப்பது? ஒருவர் மீனோடு மல்லுக்கட்டுவார், இன்னொருவர் எஞ்சினை விட முடியாது. மூன்றாவது கை அந்தப் படகில் இல்லை.

நாலு ரொட் ஏற்பாட்டின் குறை இங்கேதான். படங்களில் பார்க்க அழகாக இருக்கும். பெரிய விளையாட்டு மீன்பிடிப் படகில் அது சரியும் கூட, ஏனென்றால் அங்கே ஓட்டுகிறவர் நடுவிலோ முன்னாலோ சுக்கானைப் பிடித்திருப்பார், பின்பக்கம் முழுக்கத் தூண்டிலுக்கு. நம்முடைய படகில் பின்பக்கம் எஞ்சினுக்கும் ஓட்டுகிறவருக்கும் உரியது. அங்கே நாலு ரொட் நின்றால் அவருடைய முழங்கை ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு ரீலில் இடிக்கும். மீன் அடித்ததும் முன்னால் இருப்பவரும் பின்னுக்கு ஓடி வருவார். இரண்டு ஆள், எஞ்சின், எண்ணெய்க் கலன் எல்லாம் ஒரே முனையில் சேர்ந்தால் அணியம் தூக்கிக்கொள்ளும், பின்பலகை தாழும். அந்த நேரத்தில் பின்னாலிருந்து ஓர் அலை வந்தால் மீனை மறந்து தண்ணீர் இறைக்க வேண்டியதுதான். இன்னொன்று, ஆறு அடி அகலத்துக்குள் நாலு நூல் போனால் ஒன்றுக்கும் மற்றதுக்கும் இடைவெளி ஒன்றரை, இரண்டு அடிதான். நேராக ஓடும்வரை பிரச்சினை இல்லை. நங்கூரமிட்டு நிற்கும் கப்பலைச் சுற்றி ஒரு வளைவு எடுத்தால் முடிந்தது கதை.

மூங்கில் கழி அந்த இடைவெளிப் பிரச்சினையைத் தீர்க்கிறது. பக்கத்துக்குப் பத்து அடி நீட்டினால் இரண்டு நூலும் எஞ்சின் கிளப்பும் நுரைக்கு வெளியே, தெளிந்த தண்ணீரில் போகும். சூரைக் கூட்டம் மேலே பொங்கும்போது சின்னச் சின்ன இறகு இரைகளை ஓட்டுவதற்கு இதை அடிக்க ஆளில்லை. செலவும் குறைவு. நீண்ட அலகுள்ள தளப்பத்துக்கு முழு மீனை இரையாகக் கட்டி இழுப்பவர்களுக்கும் நல்லது: மீன் அலகால் தட்டியதும் நூலைக் கழியில் பிடித்திருக்கும் கிளிப் விட்டுவிடும், நூல் தொய்யும், இரை ஒரு கணம் செத்தது போல் நிற்கும், மீன் திரும்பி வந்து விழுங்கும். ஆனால் அறுக்குளாவுக்கு அதே தொய்வு கெடுதல். அது வெட்டிவிட்டுப் போகிற மீன், நூல் இறுகி இருந்தால்தான் கொக்கி ஏறும். அப்புறம் கடல். நவம்பர் முதல் ஏப்ரல் வரை சரி. சோளகம் (தென்மேற்குப் பருவக்காற்று) தொடங்கிவிட்டால் படகு உருளும் ஒவ்வொரு முறையும் கழி நுனி தண்ணீரைத் தொடும். ஒருமுறை ஆழமாகக் குத்தினால் கழி முறியும், அல்லது கட்டிய இடம் பெயரும். துறைமுகத்துக்குள் நெருக்கியடித்து நிற்கும் படகுகளுக்கிடையே கழியை மடக்க மறந்தவரைப் பற்றி நான் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை, பக்கத்துப் படகுக்காரர் சொல்லிவிடுவார்.

எனக்குப் பிடித்தது மூன்றாவது. இதில் எது எங்கே என்பதுதான் விஷயம், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ரொட் இரண்டும் பின்னால் வேண்டாம். நடுக் குறுக்குப் பலகையின் இரு முனையிலும் இரண்டு அங்குல பிவிசி குழாயை யூ-போல்ட் போட்டு, வெளிப்பக்கம் நன்றாகச் சாய்த்துக் கட்ட வேண்டும். ரொட்டே ஒரு குட்டிக் கழியாக வேலை செய்யும். ஏழு அடி ரொட் சாய்ந்து நின்றால் அதன் நுனி படகு விளிம்பிலிருந்து நாலைந்து அடி வெளியே போய்விடும். மீனோடு போராடுபவரும் நடுவிலேயே நிற்பார், படகின் சமநிலை கெடாது. ரொட்டுக்கு ஒரு பாதுகாப்புக் கயிறும் கட்டுங்கள். குழாய் கழன்று ரொட்டோடு போவது நடக்காத காரியம் இல்லை.

கைத்தூண்டில் ஓட்டுகிறவரின் பக்கத்து மூலையில். எஞ்சின் கைபிடியை இடது கையால் பிடிப்பவர் பெரும்பாலும் வலது பக்கம்தான் உட்காருவார், அவருடைய வலது கை சும்மா இருக்கிறது. தடித்த தங்கூசியை (ஒற்றை இழை நைலோன் நூலை) விளிம்பில் கட்டி, நடுவில் பழைய டயர் டியூப் துண்டு ஒன்றைச் சேர்த்துவிட்டால் முதல் அடியின் அதிர்ச்சியை அது வாங்கும். டியூப் இழுபட்டு நீளும்போதே மீன் தெரிந்துவிடும். தங்கூசியும் கொஞ்சம் நீண்டு கொடுக்கும். பின்னிய நூலைக் கைத்தூண்டிலுக்குப் போடாதீர்கள், அது நீளாது, விரலை அறுக்கும்.

இரை வைப்பது இப்படி. வலது ரொட்டில் ஆழம் போகும் பொய்மீன், கிட்டத்தில், சுமார் 12 பாகம் (ஒரு பாகம் ஆறு அடி). ரபாலா எக்ஸ்-ராப் மேக்னம் வகையில் பெயரோடு வரும் எண் அது எத்தனை அடி ஆழம் போகும் என்பதைச் சொல்லும். 15 எண் இந்தத் தூரத்துக்குப் போதும். இடது ரொட்டில் பாவாடை இரை (கொக்கியைச் சுற்றிப் பாவாடை போல் இழைகள் தொங்கும் செயற்கை இரை), 18 பாகம். கைத்தூண்டிலில் இன்னொரு பாவாடை இரை, 30 பாகம், மேல்மட்டத்தில். வலது பக்கம் இரண்டு நூல் இருந்தாலும் ஒன்று கீழே, மற்றது மேலே, நீளத்திலும் பாதிக்கு மேல் வித்தியாசம். அதனால் ஒன்று மற்றதன் மேல் ஏறாது.

இதில் ஒரு லாபம் உண்டு. வளைவதை முடிந்தவரை இடது பக்கமே வளையுங்கள். வளைவின் உட்பக்கத்து இரைதான் வேகம் குறைந்து தாழும், நூல் தொய்யும். இடது வளைவில் அந்த நிலை ஒரே ஒரு நூலுக்கு, வலது இரண்டும் இறுகியே இருக்கும். வலது பக்கம் வளைந்தால் இரண்டும் சேர்ந்து தொய்ந்து ஒன்றையொன்று தேடிப் போகும்.

காற்றுக்கும் ஒரு வார்த்தை. காலையில் தரைக்காற்று, மதியத்துக்குப் பிறகு கடற்காற்று. கல்கிசைப் பக்கம் தெற்கே ஓடும்போது கடற்காற்று வலப்புறமிருந்து வந்து வலது ரொட்டின் நூலைக் கைத்தூண்டிலை நோக்கித் தள்ளும். அப்போது அந்த ரொட்டை இன்னும் தாழச் சாய்த்தால் போதும்.

பொய்மீனை ஏன் கைத்தூண்டிலில் கட்டக் கூடாது? கட்டலாம், பலர் கட்டுகிறார்கள். ஆனால் களனி ஆறு கலக்கும் கடலில் இழுப்பவர்களுக்கு ரொட் நுனி ஒரு கண். மழைக்குப் பிறகு ஆற்றுத் தண்ணீர் கபில நிறத்தில் வந்து நீலத்தோடு முட்டும் கோடு நல்ல இடம், சின்ன மீன் அங்கே கூடும், பெரியது பின்னால் வரும். அதே கோட்டில்தான் சொப்பிங் பையும் ஆகாயத் தாமரையும் மிதக்கும். பொய்மீன் ஒழுங்காக ஓடினால் ரொட் நுனி துடித்துக்கொண்டே இருக்கும், துடிப்பு நின்றால் குப்பை மாட்டியிருக்கிறது. கைத்தூண்டிலில் அது இலேசில் தெரியாது, வெறும் பிளாஸ்டிக் பையை ஒரு மணி நேரம் இழுக்கலாம். நாலு ரொட் வைத்தவர்களுக்கு இந்தக் கோட்டில் நாலு இரையையும் மாறி மாறித் துப்புரவாக்குவதே வேலை.

வேகம் மூன்று ஏற்பாட்டுக்கும் ஒன்றுதான், ஐந்திலிருந்து ஏழு நொட். அதைவிட மெதுவாக, உயிர் இரைக்கு ஓட்டுவது போல, மண்ணெண்ணெய் எஞ்சினை நீண்ட நேரம் ஓட்டினால் பிளக் கறுத்துப் போகும். ரீலின் ட்ராக்கை (மீன் இழுக்கும்போது நூலைத் தடுத்து விடும் பிரேக்கை) நூல் தாங்கும் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இறுக்க வேண்டாம். 50 இறாத்தல் நூலுக்கு ஆறேழு கிலோ.

சரி, மீன் அடித்தாயிற்று. ரொட்டில் அடித்தால் எஞ்சினை உடனே நிறுத்தக் கூடாது, மெதுவாக முன்னுக்கு ஓட விட வேண்டும். நிறுத்தினால் கைத்தூண்டில் தாழ்ந்து படகுக்கு அடியில் வரும், மறுபடி கியர் போடும்போது விசிறியில் சுற்றும். ஓட்டுகிறவர் வலது கையால் கைத்தூண்டிலை இழுத்துக் கூடைக்குள் போடுவார். மீதி ரொட் ஒன்றுதான். மீன் எதிர்ப்பக்கம் ஓடினால் அதை அப்படியே விட்டுவிடலாம், கூட்டமாக வரும் மீன் என்றால் இரண்டாவதும் அதில் அடிக்கும். கைத்தூண்டிலில் அடித்தால் இன்னும் சுலபம், முன்னால் இருப்பவர் இரண்டு ரொட்டையும் சுற்றி எடுக்கட்டும், ஆழத்தில் போவது முதலில்.

சுக்கான் வைத்த படகு, கூட ஒரு மூன்றாவது ஆள், கடலும் அமைதி என்றால் நானும் நாலு ரொட்டுக்கு மாறுவேன். சூரைக்கென்றே போகும் மாதங்களில் மூங்கில் கழிக்கும் ஆட்சேபம் இல்லை, கட்டும் இடத்தில் ஒரு இரும்புத் தகடு வைத்துப் பலப்படுத்தியிருந்தால்.